நர்ஸக்கா பூட்டிவிட்டுப் போன போன்

எக்கா, நல்லா இருக்கியா? நீ இருக்கிற இடத்தில் காற்று எப்படி? மூட்டுவலிக்கு ஆகாத ஈரம் அங்கே இருக்காது என்று நினைக்கிறேன். காலையில் யாராவது உனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருகிறார்களா, இல்லை அங்கே போயும் நீதான் நாலு பேருக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாயா?

உன் தம்பி இசக்கி எழுதுகிறேன். நம்பு, நானேதான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லிவிட்டு, தலை நரைத்த பிறகு காதைப் பிடித்து அறிவொளி வகுப்பில் உட்கார வைத்தாயே, அந்த எழுத்துதான் இது. ஒரு பக்கம் எழுத மூன்று வெற்றிலை ஆகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் கை மண்வெட்டிக்குப் பழகியது. பேனா ஒல்லியாக இருப்பதால் பிடியில் நிற்கமாட்டேன் என்கிறது.

தபாலில் போட உன் விலாசம் தெரியாது. எழுதி முடித்ததும் இதைப் போன் மேசை மேல் வைக்கப்போகிறேன். போன் வரும் என்று காத்திருக்கிறவர்கள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைப் படிக்கட்டும். அவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இந்த வீட்டில் இருந்த ஒரே ரகசியமும் வெளியே வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் திறந்துவிட்டது, எக்கா.

எப்படித் திறந்தது என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்வேன், உனக்குத் தெரியும். ஆனால் படிக்கிறவர்களில் வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் அவருக்கு முன்கதை தெரியவேண்டும் அல்லவா? ஏரலுக்கு எதிர்க்கரையில் இருக்கிற இந்த ஊரில் நம்ம தெருவுக்கு மொத்தம் ஒரே போன். ஓய்வுபெற்ற நர்ஸ் சண்முகக்கனி வீட்டுப் போன். நீ பெற்றது குமார் ஒருவனைத்தான், அவனும் பம்பாயில் வேலைக்குப் போய்விட்டான். ஆனால் ஊருக்கே நீ அக்கா. வயிறு வலித்தாலும் போன் வந்தாலும் எல்லோருக்கும் உன் வாசல்தான்.

அந்தப் போனில் உள்ளூருக்குப் பேசலாம், வருகிற போனை எடுக்கலாம். வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. மட்டும் போகாது, நீ பூட்டி வைத்திருந்தாய். திறக்க வேண்டுமென்றால் முதலில் எல்லோருக்கும் பொதுவான மூன்று எண். அது டெலிபோன் ஆபீஸில் கொடுத்த தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்கப்புறம் அவரவர் வைத்துக்கொண்ட நாலு எண். யாராவது எஸ்.டி.டி. பேச வந்தால், முந்தானையை விரித்துப் போனை மூடி, உள்ளே கையைவிட்டு அந்த எண்களைத் தட்டுவாய். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி அப்படி ஒரு மறைப்பு. அந்த நாலு எண் உன் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

பொங்கல் கழிந்த நாலாம் நாள், பனங்கிழங்கு அவித்து இறக்கி வைத்துவிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குலே இசக்கி" என்று சுவரோரமாக உட்கார்ந்தாய். நான் காருக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கிழங்கு சூடு ஆறவில்லை.

குமார் வந்தான், செய்யவேண்டியதையெல்லாம் செய்தான். பிள்ளை முறை தவறாமல் செய்தான், அதில் உனக்குக் குறை வேண்டாம். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, போன சரண்டர் பண்ணிரலாம்னு இருக்கேன்."

"எதுக்குலே?"

"பூட்டிக் கெடக்குத போன வச்சு என்ன செய்ய? ஆபீஸ்ல கேட்டுட்டேன். பேரு மாத்தணும், வாரிசு சான்று வாங்கணும், அதுக்குப் பொறவுதான் பூட்டுக்குப் புது நம்பரு போட்டுத் தருவாவளாம். மாசக்கணக்குல ஆவும்."

"ஆவட்டும். சோறா கேக்கு அது? கெடக்கட்டும்."

"மணி அடிச்சா அம்மா எடுப்பான்னு தோணுது மாமா. எனக்கு அந்தப் போனே வேண்டாம்" என்றான்.

அவன் சொல்லாமல் விட்ட காரணமும் எனக்குத் தெரியும். எனக்கும் அதே காரணம்தான். நாம் மூன்று பேரும் இரண்டு வருஷமாக அதைப் பேசாமலே இருந்தோம் அல்லவா? இப்போது பேசிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு மைமூன் தலைப்பிரசவத்துக்குச் சாத்தான்குளத்தில் உம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் மேலத்தெருவில் யாருக்கோ காய்ச்சல் பார்க்க நீ கிளம்பினாய். "போனு வந்தா எடுலே, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். போன் வரவில்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? அது பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான் வைத்த சிவப்புப் போன், குமார் பம்பாயில் வாங்கி வந்தது. ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு நம்பரைப் பதித்துக்கொள்ளலாம், அப்புறம் ஒரே அமுக்குதான். நீ காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டிப் பொத்தானுக்குப் பொத்தான் ஒட்டிப் பேர் எழுதியிருந்தாய். "குமார்" என்று இருந்ததை அமுக்கினேன்.

"ஊர்ல என்ன மாமா விசேஷம்?" என்றான். என்னிடம் அப்படிக் கேட்கலாமா?

வடக்குத்தெரு மூக்கனுடைய எருமை, முதுகில் ஒரு கொக்கோடு, நம்ம படித்துறையில் இறங்கி ஏரல் கரைக்கு நீந்தின கதையை ஆரம்பித்தேன். எருமையை ஆற்றில் இறக்குவதற்கு முன்னால் அதை வாங்கின சந்தையைச் சொல்லவேண்டும். சந்தையைச் சொன்னால் அன்றைக்கு அடித்த மழையைச் சொல்லவேண்டும். மழைக்கு ஒதுங்கின கடையில் வடை எப்படி இருந்தது என்று சொல்லாமல் விடமுடியுமா? பம்பாயில் தனியாகக் கிடக்கிற பிள்ளை, சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எருமை ஆற்றின் நடுவுக்கு வந்தபோது நீ வாசலில் வந்து நின்றாய். வை என்று கையைக் காட்டினாய். வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை, மணி அடித்தது.

மைமூனின் உம்மா ஆயிஷா. மகளுக்கு ரத்தம் போகிறது என்று பூத்தில் நின்றுகொண்டு உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். "ஒரு மணி நேரமா அடிக்கேன் நர்ஸக்கா, லைனு கெடைக்கவே இல்ல" என்று அவள் அழுதது எனக்கே கேட்டது. சாத்தான்குளத்தில் டாக்டர் இல்லையா? இருக்கிறார். ஆனால் ஏழு மாதம் அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் நீ. நர்ஸக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் போகலாம் என்று பிள்ளையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு உன் வார்த்தைக்காக நின்றிருக்கிறார்கள். உன்மேல் வைத்த நம்பிக்கைதான் அவர்களைக் கெடுத்தது.

"எனக்காக எதுக்கு நின்னிய? இப்பவே தூக்கிட்டு ஓடுங்க!" என்று நீ கத்தினாய். நீ கத்தி அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

மறுநாள் விடியும் வேளையில் குழந்தை பிறந்தது. வெயில் ஏறும்வரைகூடத் தங்கவில்லை.

ஒரு மணி நேரம் முன்னால் லைன் கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமா? உன்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "தெரியாதுலே" என்றாய். உனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அந்தத் "தெரியாது" இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் நாள் ஏரலுக்குப் போய் எழுதிக் கொடுத்து, போனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தாய். அவ்வளவுதான்.

இதுதான் முன்கதை. இனி குமாரிடம் வருவோம்.

அவன் சரண்டர் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது மைமூன் தேத்தண்ணித் தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு. இந்தத் தடவை உம்மா வீட்டுக்குப் போகமாட்டேன், நர்ஸக்கா கண் முன்னால்தான் இருப்பேன் என்று இங்கேயே இருந்துகொண்டவள். பாளையங்கோட்டை டாக்டரம்மாவிடம் நீயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். அவளுடையது லேசில் கிடைக்காத ரத்தமாம். வலி எடுத்துக் கிளம்பும்போதே போன் போட்டுவிடுங்கள், நீங்கள் வந்து சேருவதற்குள் ரத்தம் ஏற்பாடு செய்து வைப்பேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முன்கூட்டியே போய்த் தங்க பாளையங்கோட்டையில் மைமூனுக்கு ஆள் இல்லை. மாப்பிள்ளை சவூதியில், மாமியார் படுத்த படுக்கை. ஏரலில் பூத் இருக்கிறது, எட்டு மணிக்கு அடைத்துவிடுவார்கள். வலி நேரம் பார்த்தா வரும்?

மைமூன் தூக்கைக் கீழே வைத்தாள். "குமாரண்ணே, ரெண்டு மாசம் பொறுங்க. எம்புள்ள பொறந்த பொறவு போனத் தூக்கி ஆத்துல போடுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"தொறக்காத போனுல ஒனக்கு என்ன பிரயோசனம் மைமூன்?"

"இசக்கி மாமா தொறப்பாவ."

"மாமாவா?" என்று குமார் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டான். "இவிய பேச ஆரம்பிச்சா மூடத்தான் முடியாது. பூட்டத் தொறக்கதுக்கும் இவியதானா?"

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அன்றைக்கு லைனைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும், எக்கா. நீ சொல்லவில்லை, நானே போய்ச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"நீ ஊருக்குக் கெளம்புததுக்குள்ள தொறந்து காட்டுதேன்லே. இல்லன்னா நானே வயர அறுத்து ஒங்கையில தாரேன்" என்றேன். தைரியம்தான். எங்கே இருந்து வந்தது என்று தெரியாது, ஆனால் வந்தது.

தேட ஆரம்பித்தேன். அரிசி டிரம்முக்குள் கையைவிட்டேன். உன் சேலை மடிப்பெல்லாம் உதறினேன். காலண்டருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், மாத்திரை டப்பாவுக்குள்ளே. கிடைத்தது உன் பிரசவ நோட்டுதான். நீ கையில் வாங்கின ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. தாய் பேர், ஆணா பெண்ணா, பிறந்த நேரம். இந்த ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்ததில் ஒரு காலைப்பொழுது போய்விட்டது. போன் எண் அதில் இல்லை.

அப்புறம் குமாரும் நானும் ஊகத்தில் இறங்கினோம். அவன் பிறந்த வருஷம், நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம், வீட்டு இலக்கம், அம்மன் கோயில் கொடைவிழாத் தேதி. ஒவ்வொரு தடவையும் போனுக்குள்ளே ஒரு பொம்பளை இந்தியிலும் இங்கிலீஷிலும் என்னவோ சொன்னாள். குமார் அர்த்தம் சொல்லவில்லை. குரலிலேயே தெரிந்தது, போய் வேலையைப் பார் என்கிறாள்.

பக்கவாட்டுப் பொத்தான் வரிசையில் கடைசிப் பொத்தானில் பிளாஸ்திரி மட்டும் ஒட்டியிருந்தது, பேர் எழுதவில்லை. அதையும் அமுக்கிப் பார்த்தோம். டக்டக்டக் என்று எதையோ தட்டியது, அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. "சும்மா ஏதோ பதிஞ்சு கெடக்கு" என்று குமார் விட்டுவிட்டான். நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினோம்.

பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்தது. மறுநாள் சாயங்காலம் குமாருக்கு ரயில். காலையில் நான் மடைக்குப் போனேன். வாய்க்கால் மடையில் தண்ணீரை மறிக்கப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவோமே, முன்பெல்லாம் ஏழு பலகை. போன வருஷம் நாலு பலகை உளுத்துப்போய், ஆசாரி அந்த நாலுக்கும் பதிலாக அகலமாக ஒரே பலகை அறுத்துக் கொடுத்தார். இப்போது மூன்று சின்னது, ஒன்று பெரியது. ஆக நாலு செருகு. தடுக்கிற தண்ணீர் அதே தண்ணீர்தான்.

டொக், டொக், டொக், டொம். நாலாவது பலகையைச் செருகிவிட்டு நிமிர்ந்தேன். இந்தத் தாளத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது.

உன் முந்தானைக்குள்ளே கேட்டது, எக்கா! நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் தண்ணீர் சத்தத்தைக் கேட்டே எத்தனை பலகை எடுத்திருக்கிறது என்று சொல்கிற காது இது. முதலில் நீ போனைத் திறக்கும்போது உன் நகம் ஏழு தட்டுத் தட்டும். கண்ணில் புரை விழுந்து எண் மங்கலான பிறகு, கடைசி ஏழெட்டு மாதம், நாலே தட்டுதான். மூன்று சின்னத் தட்டு, அப்புறம் ஓர் அழுத்து. பூட்டு அதே பூட்டு. தட்டு எப்படிக் குறையும்? பொதுவான மூன்று எண்ணைக் கையால் தட்டியிருக்கிறாய். உன்னுடைய நாலு எண்ணையும் அந்தப் பேரில்லாத பொத்தானில் மொத்தமாகப் பதித்து வைத்திருக்கிறாய். நாங்கள் அந்த மூன்று எண்ணை விட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்கினால் என்ன ஆகும்? அகலப் பலகையை மட்டும் செருகினால் தண்ணீர் நிற்குமா?

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு ஓடிவந்தேன். குமார் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, காலக் கழுவிட்டு வாங்க!"

"பேசாம இருலே. மூச்சு விடாத."

போனைக் காதில் வைத்து, மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, பேரில்லாத பொத்தானை அமுக்கினேன். நம்ம ஊர் லைனுக்கு, எண்ணுக்கு எண் தட்டுக் கேட்கிற பழைய முறைதான் சரி என்று டெலிபோன்காரர் சொல்லிவிட்டுப் போனாரே, அது நல்லதாகப் போயிற்று. இரண்டு என்றால் இரண்டு டக், ஐந்து என்றால் ஐந்து டக். எண்ணினேன். மறுபடியும் அமுக்கி எண்ணினேன். மூன்றாம் தடவையும் அதேதான்.

"எழுதுலே. பத்து. அஞ்சு. ஒண்ணு. பத்து."

"போனுல பத்துன்னு ஒரு நம்பரே கெடையாது மாமா."

"ஒண்ணும் சைபரும் இருக்குல்லா? ரெண்டையும் போடு."

போட்டான். உள்ளே இருந்த பொம்பளை திட்டினாள். "சரியா எண்ணுனியளா?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரையே எண்ணுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

குமார் படித்தவன், யோசித்தான். போனை என் காதில் வைத்து, ஒவ்வோர் எண்ணாக அமுக்கி, "இது எத்தன?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எட்டுக்கு எட்டு. ஒன்பதுக்கு ஒன்பது. கடைசியாகச் சைபரை அமுக்கினான். பத்துத் தட்டு.

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குலே பத்துத் தட்டு?" என்றேன்.

அவன் போனைப் பிடுங்கினான். முதலில் தாளில் இருந்த மூன்று எண். அப்புறம் சைபர், ஐந்து, ஒன்று, சைபர். உள்ளே இருந்தவள் வேறு என்னவோ சொன்னாள், திட்டுகிற குரலில் இல்லை. குமார் உட்கார்ந்த இடத்திலேயே, "தொறந்துட்டு மாமா, தொறந்துட்டு!" என்று என் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்க என்னால் முடியவில்லை, என் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு மைமூன் வந்துவிட்டாள். "டாக்டர்" என்று நீ எழுதியிருந்த பொத்தானை அவளே அமுக்கினாள். மணி போனது. டாக்டரம்மாவே எடுத்தார். "ஒண்ணும் இல்லம்மா, போனு வருதான்னு பாத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, நம்பர எனக்கும் சொல்லிருங்க. நீங்க வயலுக்குப் போயிருக்க நேரத்துல வேணும்லா."

"லேசுதான் ஆத்தா. சைபர், அஞ்சு, ஒண்ணு, சைபர்."

அவள் அப்படியே நின்றாள். எண் பிடிபடவில்லை போல என்று நான் இன்னொரு தடவை சொன்னேன்.

"கேட்டிச்சு மாமா" என்றாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "அஞ்சு பத்து. அது எம்புள்ள பொறந்த நேரம்."

குமார் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எங்களுக்கு நேரம் தெரியாது, எக்கா. உனக்கு ஆயிஷா சொல்லியிருக்கிறாள். எந்தக் குழந்தையென்றாலும் நீ முதலில் கேட்கிறது அதைத்தானே?

அன்றிலிருந்து உன்னிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உன் நோட்டில் நீ கையில் வாங்கின குழந்தைகள் மட்டும்தான் இருக்கின்றன. வாங்க முடியாத ஒன்றை எழுத அதில் இடமில்லை என்றுதான் போனில் எழுதினாயா? இந்தத் தெருவில் யாருக்கு எஸ்.டி.டி. வேண்டுமென்றாலும் அந்த நேரத்தைத் தொட்டுத்தான் திறந்தாயா? அப்புறம் அந்த முந்தானை. அது பூட்டுக்காகவா, இல்லை பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பி கண்ணில் படக்கூடாது என்றா?

குமார் எண்ணை மாற்றிவிடலாம் என்றான். "லேசா ஒண்ணு வச்சிருவோம் மைமூன். இது ஒனக்குக் கஷ்டமா இருக்கும்."

"மாத்தாதீய" என்றாள். "நான் வாய்விட்டுச் சொன்னா அழுவேன்னு எம்மவ பேச்சையே வீட்டுல யாரும் எடுக்க மாட்டாவ. நர்ஸக்கா ஒருத்திதான் தினமும் தொட்டிருக்கா. தெருவுக்கே தெரியட்டும் அண்ணே. எம்புள்ளைய நாலு பேரு சொல்லட்டும்."

அதனால்தான் இந்தக் கடிதத்தில் எண்ணை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். படித்துக்கொண்டிருக்கிறவரே, அதைத் தட்டிவிட்டு வெட்டிப்பேச்சுப் பேச உமக்கு மனசு வருகிறதா என்று பாரும் வே. எனக்கு வரவில்லை. இதைவிடப் பெரிய பூட்டு எந்த ஆபீஸிலும் கிடையாது. ஒருத்தர் மண்டைக்குள் மட்டும் ஓர் எண் இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். இனி இது தெருவோடு இருக்கட்டும்.

குமார் சரண்டருக்கு எழுதி வைத்திருந்த தாளில் அதிரசத்தைக் கட்டிக்கொண்டு ரயிலேறினான். பெயர் மாற்றத்துக்கு வேறு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறான். "சுகம், நீ சுகமா, வை" என்கிறேன். "மாமா, ஒடம்பு சரியில்லையா?" என்று பயப்படுகிறான்.

மைமூனுக்கு மாதம் நிறைந்துவிட்டது. ஆயிஷா சாத்தான்குளத்திலிருந்து வந்து கூடவே இருக்கிறாள். யார் வார்த்தைக்கும் இனி நிற்பதில்லை, வலி என்றால் கிளம்பவேண்டியதுதான் என்று பேசி முடித்துவிட்டோம். கார் டிரைவரிடம் தினமும் சாயங்காலம் நான் கேட்டுக்கொள்கிறேன், வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று. என்னைக் கண்டாலே ஒளிகிறான். இந்தத் தடவை நல்லபடியாக முடியும், எக்கா. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். போனில் இனி நான் கதை சொல்லமாட்டேன். யார் எந்த நேரம் வந்தாலும் திறந்து கொடுப்பேன். மைமூன் பிள்ளை பிறந்த நேரத்தை, அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினது நீயாக இல்லாவிட்டாலும், உன் நோட்டில் உன் கடைசி வரிக்குக் கீழே நான் என் கையெழுத்தில் எழுதுவேன். அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டு எழுதுவேன். அந்த இடத்தில் என்ன எழுதவேண்டும் என்று மைமூனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தம்பி
இசக்கிமுத்து

தாளில் கொஞ்சம் இடம் கிடக்கிறது, வெற்றிலையும் ஒன்று மிச்சம். அந்த எருமை கரையேறியதா என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு நானும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லி முடித்துவிடுகிறேன், இது போன் இல்லையே. நடு ஆற்றில் சுழல் இருக்கிற இடத்தில் எருமை ஒரு முங்கு முங்கியது. முதுகில் இருந்த கொக்கு பறக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். தண்ணீர் அதன் காலைத் தொட்டதும் கழுத்தை நீட்டி ஏரல் கரையைப் பார்த்தது. கரையில் நின்ற மூக்கன் என்ன செய்தான் தெரியுமா, தலைப்பாகையை அவிழ்த்து ஒரு முனையை

ஆயிஷா வாசலில் வந்து நிற்கிறாள், "இசக்கியண்ணே, வலி எடுத்துட்டு" என்கிறாள். எக்கா, எருமை அங்கனயே நிக்கட்டும், நான் போய் டாக்டரம்மாவுக்கு